வலப்பக்கத்துச் சிங்கத்தின் தாடை

இசொகாவா சுமியே பல் செட்டு செய்கிறவள். வயது ஐம்பத்திரண்டு. ஒசாகாவில், ஹொம்மாச்சிக்குப் பின்னால் இருக்கிற அலுவலகத் தெரு ஒன்றில், ஐந்து மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவள் வேலை பார்க்கும் லேப். பதினெட்டு வயதில் தொத்தோரியிலிருந்து ரயிலேறி வந்தாள். இரண்டு வருஷம் படித்தாள். படித்து முடித்த வாரமே அந்த லேபில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தவள், இன்றுவரை மேஜையை மாற்றவில்லை. நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது. நாலு வருஷம் ஓடியது, சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்தது. யாராவது கேட்டால், "நல்ல மனுஷன்தான். வீட்டுல ரெண்டு பேர் இருந்தா எனக்குத்தான் மூச்சு முட்டும்" என்பாள். அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்க மாட்டாள். தைஷோவில் ஒரு சின்ன வீடு, ஒரு சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனை வெந்நீர்க் குளியல்கூடம். அவளுக்கு அது போதும்.

வேலை அவளுக்குப் பிடித்த வேலை. கிளினிக்குகளிலிருந்து வாயின் அச்சு வரும். கூடவே ஒரு சீட்டு வரும். வயது, ஆணா பெண்ணா, பல்லின் நிறம் எல்லாம் அதில் இருக்கும். பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். மெழுகில் வடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வார்த்து, உரசி, மெருகேற்றிப் பெட்டியில் வைத்தால் கூரியர்க்காரர் வந்து எடுத்துப் போய்விடுவார். அந்தப் பல்லால் யார் எதைக் கடித்தார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்று சுமியே ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அவள் ஜன்னலிலிருந்து குனிந்தால் ஹொரினோ கோயில் தெரியும். ஒரு பக்கம் இன்ஷூரன்ஸ் கட்டடம், மறுபக்கம் கார்களை அடுக்கி வைக்கிற கோபுரம். இரண்டுக்கும் நடுவில், கூட்டமான ரயிலில் உட்கார இடம் கிடைத்த ஆள் மாதிரி முழங்காலை ஒடுக்கிக்கொண்டு அந்தக் கோயில் இருக்கும். கல் வாயில், ஒரு கற்பூர மரம், சின்னச் சன்னதி. வாயிலைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் காவல் சிங்கங்கள். கொமாயினு என்று சொல்லுவார்கள். பாதி சிங்கம், பாதி நாய். வலப்பக்கத்துச் சிங்கம் 'அ' என்று வாயைத் திறந்திருக்கும், இடப்பக்கத்துச் சிங்கம் 'ம்' என்று மூடியிருக்கும். அந்தத் தெரு பஞ்சுக்கடைத் தெருவாக இருந்த காலத்தில் வியாபாரிகள் சேர்ந்து வைத்தவை. இசுமி மலையின் மணற்கல். யுத்தத்தில் சன்னதி எரிந்து புதிதாகக் கட்டினார்கள். சிங்கங்கள் மட்டும் ஒரு பக்கம் கருகி, அப்படியே நின்றுவிட்டன.

வீட்டை விட்டுப் போனவர்கள் திரும்பி வர வேண்டுமென்றால் சிங்கத்தின் முன்னங்காலில் சிவப்பு நூல் கட்டுவது அங்கே வழக்கம். கோயிலுக்கு எதிரே காபிக்கடை வைத்திருக்கும் கினுயோ அம்மாள், புதிதாகக் கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விடமாட்டார். "நம்பிக் கட்டலாம், ஆனா யாருக்குன்னு தெளிவா சொல்லிக் கட்டணும். நான் கட்டினது காணாமப் போன பூனைக்கு. மூணாம் நாள் வந்து நின்னது எம்புருஷன். பூனை இன்னும் வரல."

சுமியே நூல் எதுவும் கட்டியதில்லை. மத்தியானம் பன்னிரண்டேகாலுக்குச் சோற்று உருண்டையும் ஒரு ஃபிளாஸ்க் பார்லி டீயும் எடுத்துக்கொண்டு இறங்கி வருவாள். வலப்பக்கத்துச் சிங்கத்தின் அருகே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவாள். சன்னதிக்கு முன் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்துவிட்டு மேலே ஏறிவிடுவாள். முப்பது வருஷமாக இதுதான்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை, காய்ந்த ரொட்டியை உடைத்தது போல இருந்தது. சுமியே எட்டிப் பார்த்தாள். பானம் விற்கிற மெஷின்களுக்குச் சரக்கு நிரப்பும் லாரி, பின்பக்கமாகக் கோயிலுக்குள் பாதி நுழைந்து நின்றது. சிங்கத்தின் முகத்துக்கு நேரே லாரியின் மூலை. வேலை ஏப்ரனோடு அவள் கீழே ஓடினாள்.

ஓட்டுநர் நீலச் சீருடையில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, சரளைக்கல்லில் மண்டிபோட்டு, சிங்கத்தின் முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து கிடந்தார். எதிரில் சிங்கம், கீழ்த்தாடை இல்லாமல், மேற்பற்களை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது.

"முதல்ல எழுந்திரிங்க. உங்களுக்கு அடிகிடி பட்டுச்சா?" என்றாள் சுமியே.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. சாமிக்குத்தான்..." அவர் தலை நிமிரவில்லை. "கேமரா பார்த்துத்தான் எடுத்தேன். பதினாறு வருஷமா வண்டி ஓட்டறேன், ஒரு பூந்தொட்டியக்கூடத் தட்டினதில்ல. மூஞ்சிய இவ்வளவு தூரம் நீட்டிட்டு நிக்கும்னு நெனைக்கல."

"அது சாமி இல்ல, காவலாளிதான். எழுந்திரிங்க, கல்லு குத்தும்."

அவர் பெயர் முராஜி. போலீசுக்கும் தன் கம்பெனிக்கும் போன் பேசினார். அதற்குள் சுமியே மேலே போய் ஒரு பிரஷும் பிளாஸ்டிக் பெட்டியும் எடுத்து வந்து, தரையில் சிதறிக் கிடந்ததையெல்லாம் கூட்டி அள்ளினாள். தாடை நாலு துண்டாகவும் ஒரு கைப்பிடி மணலாகவும் ஆகியிருந்தது. எதற்காகப் பொறுக்குகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. உடைந்து வருகிற பல் செட்டில் ஒரு சில்லு குறைந்தாலும் கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்கிற பழக்கம். கை தானாக வேலை செய்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை கினுயோவின் காபிக்கடையில் கோயில் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் கினுயோதான். எழுபத்து நாலு வயது. அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும். பூசாரி வாகிசாகாவும் வந்திருந்தார். அவர் நாலு சின்னக் கோயில்களுக்குச் சேர்த்துப் பூசாரி. ஸ்கூட்டரில் ஊர் சுற்றுகிறவர், மெதுவாகப் பேசுகிறவர். கல் ஆசாரி ஒருவர் சக்காயிலிருந்து வந்து சிங்கத்தைப் பார்த்துவிட்டுத் தன் முடிவைச் சொன்னார். மணற்கல் உள்ளே இற்றுப்போயிருக்கிறது, துளை போட்டுக் கம்பி செருகினால் மிச்ச முகமும் விண்டுவிடும், ஒன்றும் செய்ய முடியாது. முராஜியின் கம்பெனியோ இரண்டு சிங்கங்களையும் புதிதாகக் கருங்கல்லில் செய்து தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. கமிட்டியில் பாதிப் பேருக்கு அதில் சம்மதம்தான்.

"அது சரி, ரெண்டையும் எதுக்கு மாத்தணும்? இடதுபக்கத்துக்காரன் என்ன பாவம் பண்ணினான்?" என்று கேட்டார் கினுயோ.

"ஜோடின்னா ஜோடியா இருக்கணுமில்ல தலைவரே. ஒண்ணு கருங்கல்லு, ஒண்ணு மணற்கல்லுன்னா நல்லாவா இருக்கும்?" என்றார் காகிதக்கடைக்காரர்.

"அப்படிப் பாத்தா நானும் எம்புருஷனும் ஒரு போட்டோவுல நிக்கவே கூடாது."

எல்லாரும் சிரித்தார்கள். கவுண்டரில் ஓரமாக உட்கார்ந்து தடிமனான டோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுமியே திரும்பினாள். அவள் கமிட்டி ஆள் இல்லை. அந்தக் கடையில் அவள் வாயிலிருந்து 'வழக்கம்போல' என்ற வார்த்தையைத் தவிர வேறு எதையும் கினுயோ கேட்டதில்லை.

"மேல்தாடை நல்லாத்தானே இருக்கு?" என்றாள் சுமியே.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பூசாரி, "ஆமா, மேல்தாடை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்போ கீழ்த்தாடை மட்டும் செஞ்சாப் போதும். ஓட்டை போட வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். கழட்டி மாட்டற மாதிரி செய்யலாம். நான் தினமும் அதைத்தான் செய்றேன்."

காகிதக்கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிங்கத்துக்குப் பல் செட்டா?"

"ஏன், உனக்கு இருக்கலாம், சிங்கத்துக்கு இருக்கக் கூடாதா?" என்று கினுயோ கேட்டார். காகிதக்கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

சுமியேவுக்கு முகம் சூடேறியது. டோஸ்ட் பக்கம் திரும்பிவிட்டாள். ஏன் பேசினோம் என்றிருந்தது. ஆனால் பூசாரி எழுந்து வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். எவ்வளவு நாளாகும், எதில் செய்வது, மழைக்குத் தாங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பொறுக்கி வைத்த மணலையும் துண்டுகளையும் பொடித்து அக்ரிலிக்கில் கலந்தால் நிறம் ஒத்துப்போகும் என்று அவள் சொன்னபோது, "எல்லாத்தையும் பொறுக்கி வெச்சிருக்கீங்களா?" என்று ஆச்சரியப்பட்டார்.

"சாமிக்கு ஆகுமா, பூசாரி ஐயா?" என்று கேட்டாள் சுமியே.

வாகிசாகா வாசலுக்கு வெளியே சிங்கத்தைப் பார்த்தார். "சாமிக்கு ஒண்ணும் இல்ல. சிங்கத்துக்கிட்டத்தான் ஒரு வார்த்தை சொல்லிடணும். வேலை முடியிற வரைக்கும் கல்லை விட்டுக் கொஞ்சம் வெளிய இருன்னு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளை அங்கியும் கறுப்புக் குல்லாயுமாகச் சிங்கத்தின் முன் உப்பும் அரிசியும் சாக்கே மதுவும் வைத்து வாகிசாகா மந்திரம் சொன்னார். சொல்லும்போது நடுவில் 'பல் கட்டும் இசொகாவா சுமியே' என்று அவள் பெயர் வந்தது. தன் பெயரை அப்படி யாரோ பெரிய இடத்தில் எடுத்துச் சொல்லிக் கேட்பது அவளுக்கு முதல் தடவை.

பிறகு வேலை தொடங்கியது. முதலில் அச்செடுக்க வேண்டும். கல்லில் ஒட்டாமல் இருக்க உடைந்த இடம், கன்னம், மேற்பற்கள் எல்லாவற்றையும் மெல்லிய ஈயத்தாளால் போர்த்தினாள். மனிதர்களின் வாய்க்கு ஒரு கிண்ணம் அச்சு மாவு போதும். சிங்கத்துக்கு நாலு கிலோ. கலக்குவதற்கு முராஜி வந்திருந்தார். விடுமுறை நாள். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வாளியும் கையுமாக நின்றார்.

"தண்ணி ஊத்தினதும் வேகமா கலக்கணும். மூணு நிமிஷத்துல இறுகிடும்" என்றாள் சுமியே.

முராஜி கலக்கினார். நாலு கிலோ மாவு, கட்டி கட்டியாக இளஞ்சிவப்பில் திரண்டது. வாளியிலிருந்து அள்ளிச் சிங்கத்தின் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி இறுகிவிட்டது. வைத்தது விண்டு விழுந்தது. சிங்கத்தின் மார்பெல்லாம் இளஞ்சிவப்பு. வேடிக்கை பார்க்க வந்த கினுயோ, "என்னம்மா, குழந்தைக்குக் கஞ்சி ஊட்டின மாதிரி பண்ணி வெச்சிருக்கீங்க" என்றார்.

சுமியே ஈரத்துணியால் சிங்கத்தைத் துடைத்துக்கொண்டே, "வெயில் ஜாஸ்தி. குழாய்த் தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. லேப்ல ஐஸ் தண்ணி வெச்சுக் கலப்போம், அப்போ மெதுவா இறுகும்" என்றாள்.

முராஜி வாளியைக் கீழே வைத்தார். பிறகு கோயில் சுவரோரம் இருந்த பான மெஷினிடம் போய், சாவியைப் போட்டுத் திறந்தார். "இது நாலு டிகிரியில இருக்குக்கா. போதுமா?" தண்ணீர் பாட்டில்களை இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு வந்தார்.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா?"

"என் கணக்குல எழுதிக்கறேன். இதுக்குக்கூட உதவலன்னா நான் எதுக்கு?"

இரண்டாம் முறை மாவு தயிர் மாதிரி வந்தது. மூன்று பேருமாக அள்ளி அள்ளி வாய்க்குள் அப்பினார்கள், கினுயோவும் வளையலைக் கழற்றிவிட்டுச் சேர்ந்துகொண்டார். இறுக ஆறு நிமிஷம் ஆயிற்று. சுமியே இரண்டு கையாலும் அச்சைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சிங்கத்தின் மூக்குக்கு நேரே தன் மூக்கை வைத்து நின்றாள். கல்லின் குளிர்ச்சி முகத்தில் வீசியது. அச்சு முழுசாகக் கழன்று வந்தபோது முராஜி கைதட்டிவிட்டார். பிறகு கோயில் என்று நினைவு வந்து, இன்னொரு முறை ஒழுங்காகத் தட்டிக் குனிந்தார்.

அச்சு கிடைத்துவிட்டது. உடைந்த விளிம்பும் மேல்தாடையும் பிளாஸ்டரில் வந்துவிட்டன. ஆனால் போன தாடை எப்படி இருந்தது? முப்பது வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள், நினைவிலிருந்து வரைய உட்கார்ந்தால் ஒரு பல்லைக்கூடச் சரியாக வரைய முடியவில்லை. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பொறுக்கிய துண்டுகளில் இரண்டு பல்தான் பல்லாக மிஞ்சியிருந்தன.

கினுயோ கடை வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார். சிங்கத்தோடு எடுத்த பழைய போட்டோ வைத்திருப்பவர்கள் கொண்டுவரவும், காபி இலவசம். ஒரே வாரத்தில் நாற்பதுக்கும் மேல் போட்டோக்கள் வந்தன. குழந்தைகளுக்கு மூன்று வயது, ஐந்து வயது, ஏழு வயது ஆகும்போது பட்டுக் கிமோனோ போட்டுக் கோயிலில் எடுத்தவை, கல்யாண ஜோடிகள், கடை திறப்பு விழாக்கள். ஒவ்வொரு போட்டோவிலும் சிங்கம் இருந்தது. ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் சிங்கத்தின் வாய்க்குள் கையை விட்டிருந்தார்கள். குழந்தைகள் கையை, மாப்பிள்ளைகள் தலையை. ஒரு போட்டோவில் கினுயோவே, இருபது வயதில், சிங்கத்தின் வாயில் முழு ஐஸ்கிரீமைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தனாவது கைய எடுத்துட்டு நின்னிருக்கக் கூடாதா?" என்று சுமியே போட்டோக் குவியலைத் தள்ளிவிட்டாள்.

இது முராஜியின் காதுக்கு எட்டியது. நாலு நாள் கழித்து மத்தியானம், பெஞ்சில் சுமியே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்தார். முகம் வெளிறியிருந்தது. செல்போனை நீட்டினார்.

"வண்டியோட பின்கேமரால பதிவாகியிருக்கு. கம்பெனில கேட்டு வாங்கினேன். நான் இன்னும் பாக்கல. பாக்க முடியல. நீங்க பாருங்கக்கா."

அவர் திரும்பி நின்றுகொண்டார். சுமியே பார்த்தாள். திரை முழுக்கச் சிங்கத்தின் முகம் மெல்ல மெல்லப் பெரிதாகி நெருங்கி வந்தது. கடைசி ஒரு நொடியில், காலை வெயில் பக்கவாட்டில் விழ, திறந்த வாயின் உள்ளே எல்லாம் தெரிந்தது. முன்னால் ஆறு பற்கள், இரண்டு ஓரத்திலும் கோரைப்பற்கள், மேல்நோக்கி வளைந்த நாக்கின் நுனி. யாருடைய கையும் இல்லை. அவள் அந்த ஒரு நொடியைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தாள்.

"முராஜி, இங்க பாருங்க. இதைவிட நல்ல போட்டோ இந்தத் தெருவுல யாருகிட்டயும் இல்ல."

அவர் பயந்துகொண்டே திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நாக்கு இருந்துச்சா?" என்றார். "எனக்கு அப்போ தெரியலயே."

மே மாதம் முழுக்க, ஆறு மணிக்கு லேப் வேலை முடிந்ததும் அதே மேஜையில் இன்னும் ஒரு மணிநேரம் சிங்கத்துக்காக உட்கார்ந்தாள். லேப் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மெழுகில் வடித்துப் பார்த்தாள். பொறுக்கிய மணற்கல்லை அரைத்து, சலித்து, எந்த அளவில் கலந்தால் அந்தச் சாம்பல் பழுப்பு வரும் என்று தீப்பெட்டி அளவுக்குப் பதினேழு மாதிரி வார்த்து, ஜன்னலில் மழையிலும் வெயிலிலும் வைத்தாள். மழைத்தண்ணீர் வாயில் தங்காமல் இருக்க நாக்கின் அடியில் ஒரு சின்னத் துளை விட்டாள். தாடை கன்னத்தின் இரண்டு பள்ளங்களில் வந்து அமர்ந்து, ஒரு திருப்பில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கான கொக்கியைத்தான் நாலு தடவை மாற்றினாள்.

ஜூன் தொடக்கத்தில் மாட்டிப் பார்த்தார்கள். தாடை சொடக்கென்று போய் உட்கார்ந்தது. அசைத்தால் அசையவில்லை. நிறம் பொருந்தியது. வாகிசாகா, "அடடா" என்றார். முராஜி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கினுயோ மட்டும் பின்னால் தள்ளி நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ரொம்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம சிங்கம் இல்ல. டூத்பேஸ்ட் விளம்பரத்துல வர்ற சிங்கம்."

சுமியேவும் தள்ளி நின்று பார்த்தாள். உண்மைதான். பற்கள் ஒரே வரிசையாக, ஒரே உயரமாக, இன்று காலை முளைத்தது போல நின்றன. முகத்தில் இருநூறு வருஷத்துத் தேய்மானம், வாயில் மட்டும் ஒன்றுமில்லை. அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. தாடையைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு, எல்லாரோடும் காபிக்கடைக்குப் போய் உட்கார்ந்தாள்.

கினுயோ சமாதானத்துக்கு எல்லாருக்கும் டோஸ்டும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த வாகிசாகா டோஸ்டின் கெட்டியான ஓரத்தை நன்றாக வாயைத் திறந்து கடித்தார். சுமியேவின் கை காபிக் கோப்பையில் நின்றுவிட்டது.

"பூசாரி ஐயா, இன்னொரு தடவ கடிங்க."

"என்னது?"

"தயவு செஞ்சு. ஓரத்தைக் கடிங்க."

வாகிசாகா மிரண்டுபோய் இன்னொரு முறை கடித்தார். சுமியே மேஜைமேல் குனிந்து, கூச்சமே இல்லாமல் அவர் வாயைப் பார்த்தாள். கீழே இடது கோரைப்பல் ஒரு பொடி அளவு வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. கட்டின பல் அப்படித் தானாகத் திரும்பாது. வரிசையெல்லாம் ஒழுங்காக இருந்தால் வாய் பொய்யாகத் தெரியும் என்று, அவள் செய்கிற ஒவ்வொரு கீழ்ச் செட்டிலும் அந்த ஒரு பல்லை மட்டும் கொஞ்சம் திருப்பி நடுவாள். லேபில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

"உங்க பல்லு எந்த டாக்டர்கிட்ட கட்டினது?"

"அவாஸாவுல, மாடியில இருக்காரே, அவர்கிட்ட. எட்டு வருஷம் ஆச்சு. ஏன், சரியில்லையா?"

"நல்லா இருக்கு" என்றாள் சுமியே. "அது நான் செஞ்சது."

வாகிசாகா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், ஏதோ இப்போதுதான் அது அங்கே இருப்பது தெரிந்தது மாதிரி. பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அப்போ எட்டு வருஷமா நாலு சாமிகிட்டயும் உங்க பல்லாலதான் பேசிட்டு இருக்கேன்! இவ்வளவு நாளும் ஒரு வார்த்தை நன்றி சொல்லலையே!" அந்த இடத்திலேயே எழுந்து நின்று, இடுப்பு வளைய ஆழக் குனிந்தார்.

சுமியே அவசரமாக அவரை உட்கார வைத்தாள். "வலிக்குதா? ஆக்டோபஸ் கடிக்க முடியுதா? வேகவெச்சதா, பச்சையா?" என்று அடுக்கிக்கொண்டே போனாள். முப்பத்திரண்டு வருஷமாகக் கேட்காமல் விட்ட கேள்விகள் அத்தனையும் அவளுக்குள் எங்கேயோ வரிசையில் நின்றிருக்கின்றன என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆக்டோபஸ் கடிக்க முடிகிறது. கஷ்டம் ஊறுகாய் முள்ளங்கிதான். மந்திரத்தில் 'ஸ' மட்டும் முதல் மாதம் விசில் அடித்தது, பிறகு பழகிவிட்டது.

"சரி, மனுஷனுக்கு ஒரு பல்லைத் திருப்பி வெக்கத் தெரிஞ்சவளுக்கு, சிங்கத்துக்கு வெக்கத் தெரியலயா?" என்றார் கினுயோ.

அன்று மாலையே அவள் தாடையை மேஜையில் வைத்து, அந்த அழகான பற்களை உரசித் தள்ளினாள். காலம் செய்ததை எல்லாம் கையால் செய்தாள். மழை விழும் பக்கம் மழுங்க வைத்தாள். இடது கோரைப்பல்லின் நுனியை உடைத்துவிட்டாள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கை விட்டு விட்டு வழவழப்பாகியிருக்கக்கூடிய நாக்கின் நடுப்பகுதியைப் பளபளவென்று தேய்த்தாள். போட்டோக் குவியல் அதற்கு உதவியது. கை போகாத மூலைகளில் பாசி பிடிக்க, தயிரைத் தடவிக் கற்பூர மரத்தடியில் மூன்று வாரம் வைத்தாள்.

ஜூலையில் கோடைத் திருவிழா. முந்தின நாள் காலையில் வாகிசாகா மறுபடியும் மந்திரம் சொல்லி, வெளியே இருந்த சிங்கத்தைத் திரும்பவும் கல்லுக்குள் வரச் சொன்னார். கினுயோ பார்த்தார். இந்தத் தடவை தலையைச் சாய்க்கவில்லை. "வந்துட்டான்" என்றார், அவ்வளவுதான்.

திருவிழா அன்று தெருவெல்லாம் காகித விளக்கு. அலுவலகத்துக்காரர்கள் சட்டைக்கு மேல் விழா அங்கி போட்டுக்கொண்டு பல்லக்கு தூக்கினார்கள். சிங்கத்துக்கு முன்னால் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். ஒருத்தி கையை உள்ளே விட்டு, "கடிச்சிருச்சு!" என்று அலறினாள். அவள் அம்மா போட்டோ எடுத்தாள். மனைவியோடு வந்திருந்த முராஜி, தாடை கழன்றுவிடுமோ என்று பதறி ஓரடி முன்னால் வந்தார். சுமியே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க. அதுக்குத்தான் செஞ்சது."

அன்று அவள் மூன்று கிண்ணம் மொச்சையும் இரண்டு பீரும் உள்ளே தள்ளிவிட்டு, தட்டுத்தடுமாறிப் பல்லக்குக் கொம்பில் ஒரு தெரு தூரம் தோள் கொடுத்தாள். மறுநாள் தோள் கன்றிப்போயிருந்தது. லேபில் எல்லாரிடமும் அதைக் காட்டினாள்.

செப்டம்பரில் பெரிய புயல் ஒன்று அடித்தது. இரவெல்லாம் ரயில் இல்லை. விடிந்து காற்று அடங்கியதும், சுமியே தைஷோவிலிருந்து முறிந்த கிளைகளையும் பறந்து வந்த தகரங்களையும் சுற்றிச் சுற்றிச் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். கற்பூர மரத்தில் ஒரு கொம்பு ஒடிந்து தொங்கியது. பான மெஷின் சாய்ந்திருந்தது. வலப்பக்கத்துச் சிங்கத்தின் வாய் நிறைய இலை. தாடை அங்குலம்கூட அசையவில்லை. நாக்குக்குக் கீழே விட்ட துளையிலிருந்து தண்ணீர் ஒரே சீராகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் இலைகளை எடுத்துப் போட்டாள். எதிர்க்கடையின் கதவு திறந்தது.

"கரண்ட் இல்ல, கேஸ் இருக்கு!" என்று கினுயோ கத்தினார். "டோஸ்ட் வராது, முட்டை வேணா அவிச்சுத் தரேன். வாம்மா!"

"வரேங்க்கா" என்று சொல்லிவிட்டு, சுமியே சைக்கிளை மரத்தில் சாத்தினாள்.